வந்துச்சா

ஒட்டுப்பட்டறையில் மூன்றாவது மாடி.
பத்து மாத வாடகை முன்பணம்,
பதினோரு மாத ஒப்பந்தம்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று
வீட்டுக்காரர் பெள்ளி
ஏழாவது ஷரத்தாக எழுதிக்
கீழே கோடும் போட்டிருந்தார்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்
சுவரா இல்லையா என்று
இரண்டு நாள் பேச்சு நடந்தது.
"சுவர்னா சுவருதான்" என்றவர்
மூன்றாம் நாள் தானே ஏறிப் போய்
முன்பு குடியிருந்தவன் விட்டுப்போன
நான்கு துளைகளைக் காட்டினார்.
"இதுல மாட்டிக்கோங்க. புதுசா ஒண்ணும் வேணாம்."

இருதயராஜ் வரும்போது மழை விட்டிருந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேலே போனான்
பிடியில்லாத குடைபோல டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு.
துளைகள் வேறு கம்பெனி அளவு.
மூன்று போல்ட் பொருந்தியது.
நான்காவதற்குக் குச்சியைச் சீவி அடித்தான்.

தென்கிழக்கே பார்க்க வேண்டும்.
தென்கிழக்கில் ஒரு சில்வர் ஓக்.
மரம் யாரோடது என்றான்.
எஸ்டேட்டோடது.
எஸ்டேட் யாரோடது?
அது கோர்ட்டில் இருக்கிறது.
டிஷ்ஷை ஒரு விரற்கடை தள்ளி வைத்தான்.

"வந்துச்சா?"
அவன் கேட்பது எனக்குக் கேட்காது.
படிக்கட்டுத் திருப்பத்தில் பெள்ளியின் பையன்,
எட்டாம் வகுப்பு,
வந்துச்சாவை வாங்கி
"வந்துச்சாவாம்" என்று கொடுத்தான்.
நான் 'இல்லை' கொடுத்தேன்.
அது ஏறிப்போவதற்குள்
ஒருமுறை வந்தே விட்டது:
நீலச் சேலையில் ஒருத்தி
பாதி வாய் திறந்தாள்,
சதுரம் சதுரமாக உடைந்தாள்.
நான் கத்திய 'வந்துச்சு' மேலே சேர்ந்தபோது
அவன் நட்டை மறுபக்கம் திருப்பியிருந்தான்.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறதாம்.
எங்கள் பத்தொன்பது படியில்தான் தொலைந்தது.

இருநூற்று இருபது ரூபாய், முப்பது நாள்.
தமிழ்ப் பேக்கில் கன்னடம் நாலு சும்மா வரும்.
"பக்தி தானா வரும் சார், எடுக்க முடியாது."
குன்னூர் வந்ததிலிருந்து
எல்லாமே முன்னால் கட்டியதுதான்,
வாடகை, சிலிண்டர், மெஸ் டோக்கன்.
ஏலக் கம்பெனிக்குத் தேயிலைக் கணக்கெழுதும் சம்பளம் மட்டும்
மாதம் முடிந்து வருகிறது,
சில மாதம் அதற்கும் அப்புறம்.

முதல் ராத்திரி ஒன்பது மணிக்குப்
பக்கத்துச் சுவர் சிரித்தது.
ச. ஜெபமணி, எல்.ஐ.சி. என்ற பலகைக்குப் பின்னிருந்து
பெண் குரல்,
வயிற்றிலிருந்து வருகிற நல்ல சிரிப்பு.
என் பெட்டியில் அந்த நடிகன்
அப்போதுதான் கதவைத் தட்டுகிறான்.

அவர்களுக்கு கேபிள்.
எனக்கு மூன்று வினாடி பிந்தி.
சிரிக்கப் போகிறேன் என்பது
சிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.
இங்கே கடிதத்தைப் பிரிக்கும்போது
அங்கே மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
யாரோ செத்துவிட்டார்கள், யாரென்றுதான்
நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒலியைக் குறைத்துவிட்டேன்.
சத்தம் அவர்களுடையது, படம் என்னுடையது.
வாய் கொஞ்சம் ஒட்டாது. பழகிவிட்டது.
காலையில் வாசலில் எதிர்ப்பட்டால்
அந்த அம்மாள் குடையை மடக்குவார்,
நான் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

ஐப்பசியில் பர்லியார் வழியில் மண் சரிந்து
பஸ்கள் கோத்தகிரி சுற்றி வந்த வாரம்.
முதலில் சதுரங்கள்,
பிறகு சிக்னல் இல்லை என்ற எழுத்து,
பிறகு கரண்ட்.
முதன்முதலாக இரண்டு வீட்டிலும்
ஒரே வினாடியில் இருட்டு.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, நேராக எனக்கு:
"உங்களுக்கும் போச்சா?"

"போச்சுங்க."

கொஞ்ச நேரம் மழை மட்டும்.

"வந்தா ஒரு தட்டு தட்டுங்க.
நான் செத்த கண் மூடறேன்."

அன்றைக்கான ஏழு ரூபாய் முப்பத்து மூன்று காசு
கழிந்துகொண்டிருந்தது.
சுவரோடு நாற்காலியைப் போட்டு
விரலை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஏழாவது ஷரத்தில்
தட்டுவதைப் பற்றி ஒன்றுமில்லை.