பதினேழு

மேட்டூர் திறக்காத வருஷம்தான்
எங்கள் அணி பிறந்தது.
சிங்காரவடிவேல் முதலாளிக்கு நீடாமங்கலத்தில்
போர்வெல் மோட்டார் ஏஜென்சி.
வெண்ணாறு மணலாய்க் கிடந்த அந்த ஆனியில்
ஒரே நாளில் நாற்பது மோட்டார் விற்றாராம்.
காசை என்ன செய்வதென்று தெரியாமல்
காலி நெல் குடோனுக்குள்
பச்சைப் புல்விரிப்பு போட்டார். பிளாஸ்டிக்.
தாலுகாவிலேயே பச்சையாய் இருந்தது அது ஒன்றுதான்.
முதல் வாரம் ஒரு பசு உள்ளே வந்து
முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

வெண்ணாறு வேங்கைகள்.
ஆளுக்கு ஆறு பேர், கூரைக்குக் கீழே ஆட்டம்,
சுவரில் பட்டாலும் பந்துக்கு உயிர் போகாது.
கூத்தாநல்லூர் ஜெகபர் அலி
பந்தைச் சுவரிடம் கொடுத்துவிட்டு
ஆளைச் சுற்றிப் போய் வாங்கிக்கொள்வான்.
மணிப்பூரிலிருந்து இபோம்சா வந்தான்.
"மலையே இல்லை,
கண்ணை எங்கே வைப்பீர்கள்?" என்றான்.
நான் இரண்டாவது கோல்கீப்பர்.
இரண்டு சீசனில் மொத்தம் பதினோரு நிமிஷம்.
ஆனாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது;
அப்பாவின் வயல் வெடித்துக் கிடந்தபோது
அதில்தான் உலை கொதித்தது.

இரண்டாம் வருஷமும் தண்ணீர் இல்லை.
கோப்பை எங்களுக்கு.
இறுதியாட்டத்தன்று கோயம்புத்தூர்க்காரர்கள் பஸ்
ரயில்வே கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றது.
கால் மரத்துப்போய் இறங்கினார்கள்.
ஒன்பதுக்கு மூன்று.
கேட்கீப்பருக்கும் ஒரு மெடல் கொடுக்கணும்
என்றார் கோச் லூர்துநாதன், சிரிக்காமல்.

மூன்றாம் வருஷம்
ஜூன் பன்னிரண்டு, சொன்ன தேதியில் திறந்தார்கள்.
அணையில் நூற்றிருபது அடி.
நுரையும் குப்பையுமாய்த் தண்ணீர் வந்த அன்று
ஊரே பாலத்தில் நின்று பூத் தூவியது.
நானும் தூவினேன்.
சிங்காரவடிவேலும் தூவினார்,
பழக்கதோஷம்.

ஆடியில் ஒரு மோட்டார்கூடப் போகவில்லை.
ஆவணியில் பாதிச் சம்பளம்.
புரட்டாசியில் செக் திரும்பியது.
ஜெகபர் குவைத் போனான்.
இபோம்சா ரூமைப் பெருக்கிவிட்டு
சாவியை என் கையில் வைத்து
"உன் அப்பாவின் வயல்?" என்றான்.
நன்றாக இருக்கிறது என்றேன்.
சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு ஐந்து பேர்தான் வந்தோம்,
அதில் ஒருவர் கோச்.
முழு நேரமும் நான் நின்றேன்.
நாலுக்குப் பதினேழு.
பதினேழும் ஞாபகம் இருக்கிறது.
ஒன்பதாவதை மட்டும் பிடித்திருக்கலாம்.

இப்போது அங்கே நேரடி நெல் கொள்முதல் நிலையம்.
கூரை ஒழுகும் மூலையில்
புல்விரிப்பைத்தான் மூட்டைகள்மேல் போர்த்தியிருக்கிறோம்.
எனக்கு ஈரப்பத மீட்டர் பிடிக்கிற வேலை,
சீசனுக்கு மட்டும்.
ஸ்கோர்போர்டைக் கழற்ற யாரும் வரவில்லை.
ரிமோட் எங்கே போனதோ,
கரண்ட் வந்தால் தானாக எரிகிறது.

நேற்று பூவனூர்க்காரர் ஒருவர்
சம்பா மூட்டையை இறக்கிவிட்டு
அண்ணாந்து பார்த்தார்.
"பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா
எடுக்கமாட்டீங்க, அதானே?"
ஆமாங்க என்றேன்.
"சரி,
அந்த நாலு எதுக்கு?"