அறுபது வாட்

வெள்ளிக்கிழமைச் சந்தை கலையும் நேரம்.
பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டு ஓரம்
செல்போன் உறைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.
பக்கத்துக் கடை அந்தோணிமுத்து
கூடையைக் கவிழ்த்துத் தட்டினான்.
உமியோடு உமியாக
மூன்று வாத்துக் குஞ்சுகள்.
"தேறாத கேஸுண்ணே. வேணும்னா எடுத்துக்க,
இல்லன்னா அதுக்கு" என்றான்.
அது, பூனை.
டோக்கன் வாங்கியவர்களின் நிதானத்தோடு
ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

நான் ஒன்றும் இரக்கக்காரன் இல்லை.
நாற்பது ரூபாய் உறையை
அன்று மதியம்தான் இருநூறுக்குத் தள்ளியிருந்தேன்.
ஏன் எடுத்து வந்தாய் என்றாள் கோமளா.
ஷூ டப்பாவின் மூடியைத் திறந்தேன்.
அப்புறம் அவள் கேட்கவில்லை.

சூடு வேண்டும் என்றாள்.
கார்த்திகை மழை. குண்டு பல்பு தேடிப் போனேன்.
குரோம்பேட்டையில் நாலு கடை, நாலிலும் எல்இடி.
வெள்ளை, மஞ்சள், நிறம் மாறுவது,
கைதட்டினால் எரிவது.
"சூடே ஆகாது சார், தொட்டுப் பாருங்க"
பையனுக்கு அதில் ஒரு பெருமை.
ஊர் முழுக்க வெளிச்சம்,
சூடுதான் ஸ்டாக் இல்லை.
ராதா நகர் கேட்டைத் தாண்டி
ஷட்டர் பாதி இறங்கிய கடையொன்றில்
தூசி மூடிய அட்டைக்குள் கிடைத்தது.
அறுபது வாட்.
காதருகே ஆட்டிப் பார்த்தேன்,
இழை அறுந்திருக்கவில்லை.

ஒன்று விடியுமுன் போய்விட்டது.
தொப்புள் மூடாமலே வெளியே வந்த அவசரக்காரன்.
பஞ்சில் மருந்து தொட்டு வைத்துக்கொண்டே இருந்தாள்,
அது போன பிறகும் ஒரு தரம்.
நல்லவேளை, பேர் வைக்கவில்லை என்றேன்.
"இதுல என்ன நல்லவேளை?" என்றாள்.

இன்னொன்றுக்குக் கால்கள் பக்கத்துக்கொன்றாய் விரிந்து
கடிகாரத்தில் ஒன்பதே கால்.
பிளாஸ்திரியை நீளவாக்கில் கிழித்து
நடுவே ஒரு விரல் இடம் விட்டுக் கட்டினோம்.
காகிதம் வழுக்கியது. துணி சிக்கியது.
காரில் போன் நழுவாமலிருக்க நான் விற்கிற
ரப்பர் விரிப்பைப் போட்டேன்.
அந்தச் சரக்கைப் பற்றி
இத்தனை நாள் நான் அளந்ததெல்லாம்
உண்மைதான் போலிருக்கிறது.

பாட்டில் மூடியில் தண்ணீர், அதிலும் கூழாங்கல்.
மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டாம், சரி.
தாயின் இறகெண்ணெய் படாத வாத்துக் குஞ்சை
தண்ணீரிடமிருந்து காப்பாற்ற வேண்டும்.

மூன்றாவது எதையும் கேட்கவில்லை.
குளுக்கோஸில் அலகை நனைத்தால் நனைந்த அலகோடு,
சத்து மாத்திரைப் பொடியைத் தடவினால் தடவிய அலகோடு
சும்மா இருந்தது.
கண்ணை மூடும், திறக்கும்,
நாங்கள் இருக்கிறோமா என்று சரிபார்ப்பது போல.

மறுநாள் இரவு ஒன்றரை மணிக்கு
தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
அறுபது வாட்டும் அவிந்தது.
கோமளா இருட்டிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள்.
அவள் அண்ணன் விட்டுப்போன குவார்ட்டர் பாட்டில் இரண்டில்
வெந்நீர் ஊற்றி, என் சாக்ஸில் நுழைத்து,
ஒன்பதே காலுக்கு இருபுறமும் படுக்கவைத்தாள்.
மூன்றாவதை என் பனியனுக்குள் போட்டாள்.
புரளாதே என்றாள்.
விடியும்வரை புரளவில்லை.
நெஞ்சில் துடித்தது அதுவா நானா என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கரண்ட் வரும்முன் வயிற்றில் ஏதோ ஈரம்.
பார்த்தேன்.
பீ.
"கோமளா, இங்க வாயேன்!" என்று
கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடும்படி கத்தினேன்.

நாலாம் நாள் கட்டை அவிழ்த்தோம்.
விழுந்தது. எழுந்தது. மின்சாரக் கட்டண அட்டைமேல் விழுந்தது.
சாயங்காலத்துக்குள் ஒன்பதே கால்
ஆறரை ஆகியிருந்தது.
மூன்றாவது இன்னும் தேறவில்லை.
தேறாமலும் இல்லை.

அடுத்த வெள்ளி.
அந்தோணிமுத்து கூடையைத் தட்டினான்.
ஐந்து.
அவன் என்னைப் பார்த்தான்.
பூனையும்
என்னைத்தான் பார்த்தது.