கிடை

இருபத்தோராம் நாள்
ஐஸ் பெட்டியோடு கள்ளிக்குடி விலக்கில் இறங்கினேன்.
கரிசலில் கிடை இல்லை.
புழுக்கை அப்பிய சதுரம் மட்டும்,
ஓரங்களில் முளைக்குச்சி பிடுங்கிய குழிகள்.

போனில் சோலைமலை:
"மழை பேஞ்சதும் கெளம்பிட்டோம் தாயி.
இப்பத் திருச்சுழிப் பக்கம்.
ரெண்டாவது ஊசியவும் அன்னைக்கே
ஆட்டுக்குள்ளயே வச்சுவிட்டுப் போயிருக்கலாம்ல?"

சிரித்துத்தான் சொன்னார்.
புதுப்புல் தின்ற செம்மறி
துள்ளுமாரியில் விடிவதற்குள் விழும்
என்பது என்னைவிட அவருக்குத் தெரியும்.

திருமங்கலத்தில் பஸ் மாறும்போது
பெட்டிக்குள் பனிக்கட்டி தண்ணீராகியிருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்: வீண், நாற்பது டோஸ்.

அன்றிரவு நாகமலை அடிவாரத்து ஆய்வகத்தில்
பழைய குறிப்பேடு.
பதினோராம் கூழ், ஊசியில் அடைத்துக்கொண்டது.
பன்னிரண்டு, மூன்றே நாளில் கரைந்தது.
பதின்மூன்று எலிக்குப் பிடிக்கவில்லை என்று
ஃபர்சானா பென்சிலால் எழுதியிருக்கிறாள்
(எலியிடம் கேட்டாளா?).

கிடை என்பது என்ன?
குச்சி, வலை, நடுவில் வெளி.
கண் பெரிதானால் குட்டி நழுவும்,
சிறிதானால் காற்று நிற்கும்.

பதினான்கில்
கடற்பாசிச் சர்க்கரையின் இழைகளை
இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கோத்தோம்.
கழுத்துத் தோலுக்கடியில் ஒரு சொட்டு.
உடம்பின் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு
அங்கேயே உறையும், வலையாகும்.
உள்ளே நஞ்சின் முகம் மட்டும்,
நஞ்சு இல்லை.
காவல் செல்கள் மோப்பம் பிடித்து வரும்,
கண்வழி நுழையும், தங்கும்,
முகத்தை மனசில் ஏற்றிக்கொண்டு
நிணமுடிச்சைப் பார்த்து நடக்கும்.
இழை அவிழ அவிழ
மூன்றாம் வாரம் வருகிறதற்கும்
மிச்சம் இருக்கும்.
இருக்க வேண்டும்.

கார்த்திகையில் திருச்சுழிக்கே போய்
முப்பது ஆட்டுக்குப் போட்டேன்.
ஒரே ஊசி.

தை கடைசியில் கள்ளிக்குடிக்குத் திரும்பினார்கள்.
பதினேழாம் எண், மஞ்சள் பட்டை, கிழிந்த இடது காது.
கழுத்தைத் தடவுகிறேன்.
கொண்டைக்கடலை அளவு இருந்த மேடு
இல்லை.
சோலைமலையும் தடவிப் பார்க்கிறார்.
"எங்க போச்சு தாயி?"

ரத்தக் குழாயை மூடி எண் எழுதுகிறேன்.
முடிவு வரப் பத்து நாளாகும்,
அதற்குமுன் எதையும் சொல்லக்கூடாது.
சொல்ல வாயெடுத்தபோது
அந்தப் பக்கம் அவர் ஆட்கள்
முளைக்குச்சிகளைப் பிடுங்கத்
தொடங்கியிருந்தார்கள்.