சேத மதிப்பீடு: யூர்மலா, பிப்ரவரி

குழாய் வெடித்தது ஞாயிற்றுக்கிழமை.
நான் போனது புதன்.
மைனஸ் பத்தொன்பது. பைன் மரங்களுக்குப் பின்னால்
கடல் அசையாமல் கிடந்தது,
யாரோ இஸ்திரி போட்டுவிட்டுப் போனதுபோல.

காப்பீட்டுப் படிவத்தில் நான்கு கட்டங்கள்:
பொருள், ஆண்டு, சேதம், மதிப்பு.
வெல்கா ஸ்ட்ராவுட்மனே ரப்பர் பூட்ஸோடு கதவைத் திறந்தார்.
இந்த முகத்தை நான் தபால்தலையில்
நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டியிருக்கிறேன்.
சொல்லவில்லை.
"சமையலறை வழியாக வாருங்கள்,
கூடத்தில் இன்னும் மீன் வளர்க்கலாம்" என்றார்.

ஐம்பத்தோரு வருடம் மூன்று அலமாரித் தட்டுகளில் நின்றிருந்தது.
இப்போது சாப்பாட்டு மேசைமேல், பழைய துண்டுகளில்,
தலை துவட்டாத பிள்ளைகள்போல வரிசையாக.

முதலில் ஒரு பட்டயம். எழுபத்து நான்கு.
இளங்குரல், இரண்டாம் இடம்.
மை கரைந்து, கொடுத்த நாட்டின் பெயரைக் காணோம்.
"நாடு தொண்ணூற்றொன்றிலேயே போய்விட்டது.
தண்ணீர்மேல் பழி போடாதீர்கள்."

மீன்பிடிக் கூட்டுறவு கொடுத்த பித்தளை மீன்.
சேதம் இல்லை. மீனுக்கு என்ன, தண்ணீர்தானே.

தொண்ணூற்றேழு: சிறந்த மறுவருகை.
நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார்:
"நான் எங்கே போயிருந்தேனாம்?
ஏழு வருடம், ஒரு சனிக்கிழமை விடாமல்,
ஸ்வீடன் போகும் கப்பலில் பாடிக்கொண்டிருந்தேன்.
லாரி ஓட்டுநர்கள் கேட்டார்கள்.
கையில் முட்கரண்டி இருந்ததால் தட்டவில்லை,
அவ்வளவுதான்."

வாழ்நாள் சாதனை இரண்டு.
ஒன்று கண்ணாடி, ஒன்று கருங்கல்.
ஒரு வாழ்நாளுக்கு எப்படி இரண்டு என்று கேட்க
படிவத்தில் கட்டம் இல்லை.
"முதலாவது வாங்கும்போது ஐம்பத்திரண்டு வயது.
எல்லோரும் எழுந்து நின்றார்கள்,
ரயில் ஏற்றிவிட வந்தவர்கள்போல.
கையசைத்து முடித்தேன். ரயில் வரவில்லை.
மறுநாள் காலை பல் மருத்துவரிடம் போனேன்."

விரிசல் பார்க்கக் கருங்கல்லைத் திருப்பினேன்.
முன்புறம் பொன்னெழுத்தில் அவர் பெயர்.
அடியில், சிவப்பு நகப்பூச்சில்: கிர்ட்ஸ்.
யார் இது?
அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார்,
நிரம்பி வழிந்த பிறகும்.
சேதம்: இல்லை, என்று எழுதினேன்.
நகப்பூச்சு தண்ணீருக்கு அசையாது.

கடைசியாகத் தங்க இசைத்தட்டு. எண்பத்திரண்டு.
சட்டம் ஊதி, கண்ணாடி பெயர்ந்து.
எத்தனை விற்றது?
"எட்டு லட்சம் என்றார்கள். எண்ணியவரைப் பார்த்ததில்லை."
தங்கமா?
"பூச்சு. கேட்டுப் பாருங்கள்."

மாடியில் தப்பித்த பிளேயரைக் கொண்டுவந்தார்.
ஊசி தங்கத்தில் இறங்கியது. கரகரப்பு.
பிறகு ஒரு ஆண்குரல், ஜலதோஷம் பிடித்த குரல்,
ஜெர்மன் மொழியில் கேட்டது:
மன்னிக்கவும், ரயில் நிலையம் எந்தப் பக்கம்?
மௌனம்.
மாணவர்கள் பதில் சொல்ல விட்ட மௌனம்.

அவசரத்தில் கைக்குக் கிடைத்த தட்டுக்கு
முலாம் பூசியிருக்கிறார்கள். பாடம் நான்கு.

தேநீரைக் கலக்கிக்கொண்டே, அந்த இடைவெளிக்குள்
இம்மியும் பிசகாமல் அவர் சொன்னார்,
நேராகப் போய் இடதுபக்கம் திரும்புங்கள் என்று.
எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்.
"வியன்னாவில் பேட்டி எடுத்தவன் வியந்துபோனான்,
இவ்வளவு நல்ல ஜெர்மன் எங்கே கற்றீர்கள் என்று.
ரயில் நிலையத்தைத் தாண்டி அவன் எதுவும் கேட்காதது
என் அதிர்ஷ்டம்."

தொலைவா? என்றது குரல்.
இல்லை, நடந்தே போகலாம், என்றார்.
மிக நன்று, என்றது குரல். இன்னொரு முறை.

அவர் முகத்தில் அப்போது வந்தது
தபால்தலையில் இல்லாதது.

மதிப்புக் கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது.
காலுறை நனைந்திருந்தது.
ஊசியை எடுக்க இருவரும் எழவில்லை.
குரல் அடுத்து ரொட்டிக்கடைக்கு வழி கேட்டது.
இம்முறை அவர் பதில் சொல்லாமல்
புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

நான் பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி.