அரசு

தோ பாயோவில் ஒரு புளோக்.
மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறுகளில்
இறங்குகிறோம், நானும் நைங் வின்னும்.
இடுப்பில் உளி, சுத்தி,
சின்னப் புட்டியில் மருந்து.

சுவர் வெடிப்பில் முளைத்ததையெல்லாம்
பிடுங்குவது எங்கள் வேலை.
முக்கால்வாசி அரசுதான்.
நகர மன்றப் படிவத்தைத்
தமிழில் நிரப்பச் சொன்னால்
அரசுச் சுவரில் அரசு, அகற்றப்பட்டது
என்று எழுதியிருப்பேன்.
சிரிக்க ஆளில்லை.

மண்ணில்லை, எருவில்லை.
எந்த மைனாவோ எங்கேயோ தின்று
பதினோராம் மாடியில் போட்ட எச்சம்.
(மைனாக்கள் மேலும் புகார் உண்டு.
அது வேறு குத்தகைக்காரர்.)
சாயத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே
நூலளவு ஈரம்.
அதற்கு அது போதும்.
வெளியே இரண்டே இலை,
தோண்டினால் முழங்கை நீளம் வேர்.

முதல் வாரம் நைங் வின்
ஒவ்வொரு செடிக்கும் நெற்றியில் கை குவித்தான்.
'போதி' என்றான்.
'இதன் அடியில்தான் விழித்தார்.'
எனக்கு அரசமரம் என்றால் அடியில் பிள்ளையார்.
இரண்டாம் வாரம் நாளைக்கு நாற்பது செடி, கணக்கு.
கை நெற்றிக்குக் கிளம்பும்,
பாதியில் உளிக்குத் திரும்பும்.

லாரி நிழலில் சோற்றுப் பொட்டலம் பிரித்தபோது
யார் வேண்டுமானாலும் புத்தனாகலாம் என்றான்.
'நானுமா?'
'நீயும். பிறவிகள் ஆகும், கொஞ்சம் அதிகமாகவே.'
ஓட்டுநர் டெக் செங்
கோப்பி ஓ உறிஞ்சியபடி குறுக்கே வந்தார்.
'ஆவதென்ன? ஏற்கெனவே அதுதான் நீ.
தெரியாமல் தூங்குகிறாய்.'

சரி, சோதித்துப் பார்ப்போம்.
மின்தூக்கியில் சிறுநீர் கழிப்பவன்?
அவனும், என்றார்கள் இருவரும்.
புகார் எழுதியே ஓய்வுக்காலம் கழிக்கும்
ஏழாம் மாடிக்காரர்?
அவரும்.
எங்கள் முதல் ஆறு மாதச் சம்பளத்தைத் தின்ற ஏஜெண்ட்?
நைங் வின் மீன் முள்ளை நாக்கால் ஒதுக்கி
வெகுநேரம் மென்றான்.
'அவனும்தான்.
ஆனால் நாம் எல்லோரும் போன பிறகு.'
டெக் செங் மட்டும் சிரிக்கவில்லை.
'அவன்கூட இப்போதே' என்றார்,
தனக்கே பிடிக்காத செய்தியைச் சொல்பவர்போல.

அன்று பிற்பகல்
ஒன்பதாம் மாடியருகே என் கயிறு வழுக்கியது.
ஒரு சாண்தான்.
இரண்டாம் கயிறு பிடித்துக்கொண்டது.

அந்த ஒரு சாணுக்குள்
மூங்கில் கழியில் காயும் பள்ளிச் சட்டை,
அதன் மூன்றாம் பொத்தானில் வேறு நிற நூல்.
உள்ளே அடுப்படிக் குழாயில்
சொட்டு திரண்டு, நீண்டு, விழவிருந்தது.
பார்ப்பதற்கு நடுவே நான் இல்லை.
பெயர், கடன், வேலை அனுமதிச் சீட்டின் கடைசித் தேதி
எதுவுமே இல்லை.
சொட்டு விழுந்தது.
எல்லாம் திரும்பி வந்தது, தொடை நடுக்கத்தோடு.

கீழே வந்து அவனிடம் சொன்னேன்.
தண்ணீர் கொடுத்தான். நாடி பார்த்தான்.
'பயம்' என்றான்.
லாரியில் பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனான்.
பயமாகத்தான் இருக்கும்.
ஆனால் பயந்தவன் பொத்தானின் நூலையா பார்ப்பான்?

ஐந்து மாதம் கழித்து
அதே புளோக், அதே பதினோராம் மாடி.
நானே உளி வைத்த துளை,
நானே மருந்து ஊற்றிய துளை.
இரண்டு இலை.
தளிர் இன்னும் செம்பு நிறத்தில்.

படிவம் மாறியிருக்கிறது, கட்டம் ஒன்று கூடுதல்:
புதிதாக முளைத்ததா,
பழைய வேர் மீண்டும் துளிர்த்ததா?
ஏதேனும் ஒன்றில் குறியிடவும்.

நைங் வின் பக்கத்துக் கயிற்றில்
எனக்காகக் காத்திருக்கிறான்.
கீழே லாரிக் கதவில் சாய்ந்து
டெக் செங் அண்ணாந்து பார்க்கிறார்.
பேனா முனையைக் கட்டத்துக்கு மேலே வைத்தபடி
தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாடி கீழே
அந்தக் குழாயை
இன்னும் யாரும் சரிசெய்யவில்லை.