இருபத்தாறு கட்டு

நூல் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியுடையது.
மேல்தோல் தைக்கிற வெள்ளை நூல்,
டிபன் பாக்ஸின் மேல்தட்டில் சுருண்டு வந்தது.
வெள்ளை ஆகாது என்றான் துலுக்காணம்.
ஆவாரம் பட்டையைக் கொதிக்கவிட்டு
ஓர் இரவு ஊறப் போட்டோம்.
தோலுக்கு ஏறுகிற நிறம் நூலுக்கும் ஏறியது.

தெப்பம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
மீன் வண்டி கழித்துப்போட்ட தெர்மாகோல்,
மேலே ஒரு யூரியா சாக்கு.
காவேரிப்பாக்கம் ஏரியில் பலபேர்
இதில் குப்புறப் படுத்துத்தான் வலை போடுகிறார்கள்.
ஆனால் கெண்டைக்கு நாம் வெறும் நிழல்.
கிளுவைக்குக் கழுத்தெல்லாம் கண்.

ஆகவே கோரை.

கடைவாசல் பக்கம் அறுக்காதே, அங்கே புல் கருப்பு.
மிதக்கப்போகிற இடத்துப் புல்லையே அறு.
ராத்திரியில் அறு, வெயில் பட்டால் துவண்டுவிடும்.
வேர்ப்பக்கம் தண்ணீரில், பூப்பக்கம் வானத்தில்.
வரிசையாகக் கட்டினால் அது வேலி,
வாத்துக்கு வேலி தெரியும்.
நாலு நெட்டை, ரெண்டு குட்டை, ஒன்று ஒடிந்தது,
நடுவில் ஒரு சம்புக் கதிர்,
அப்பால கொஞ்சம் வெறும் இடம்.

ஜோடிக்கு இத்தனை தையல் என்று
எண்ணிப் பழகிய விரல்.
கோணலாகக் கட்ட எனக்கு வரவில்லை.
நான் கட்டியதை அவன் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.
இருபத்தாறு கட்டு.

விடியலில் பனி.
ரப்பர் செருப்பைக் கையில் மாட்டித் துழாவினோம்.
ஊசிவால் முப்பது, கிளுவை எண்ணி மாளாது,
எந்த தேசத்துக் குளிரையோ விட்டு வந்தவை
தலையை முதுகில் செருகித் தூங்கின.
ஒரு நாமக்கோழி வந்து
என் மூக்குக்கு முன்னால் ஒரு தண்டைக் கடித்துப் பார்த்தது.
சரி என்று போனது.
துலுக்காணம் கண்ணால் சிரித்தான்,
கண்ணி வலை அவன் வயிற்றடியில்.

வலப்பக்கம் தண்ணீர் சளக் என்றது.
அரிவாள்.
ஒரு வீச்சில் ஏழு கட்டு போச்சு.
இடுப்பளவு நீரில், தலையில் சும்மாடோடு,
ரெண்டு எருமைக்காரி ராஜகிளி.
தினம் வருகிறவள்,
அவளைக் கண்டு எந்த வாத்தும் அசைவதில்லை.
அடுத்த பிடிக்குக் கையை நீட்டினாள்.
துலுக்காணத்தின் காது அகப்பட்டது.

அவள் அலறியதும்
ஏரி மொத்தமும் எழுந்து பறந்தது.

"இன்னாடா இது, புல்லுக்குள்ள?"
மீன் என்றேன்.
"மீனுக்கு எதுக்குடா மாப்பிள்ளை அலங்காரம்?"

பாரஸ்ட்டுக்குப் போன் போடுவாளோ என்று
நாங்கள் அவளைப் பார்த்தோம்.
அவள் புல்லைப் பார்த்தாள்.
ஒரு கட்டை இழுத்துப் பார்த்தாள், அவிழவில்லை.
மிச்சம் பத்தொன்பதையும் கட்டோடு கொய்து
தலைச்சுமையில் சேர்த்துக் கரையேறினாள்.

திறந்த ஏரியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல்,
அதன்மேல் ஆண்பிள்ளைகள் இருவர்.
மேலே இரண்டு சுற்று சுற்றி
ஊசிவால்கள் இறங்கின,
தூரத்தில், நன்றாகத் தெரிகிற இடத்தில்.

திங்கட்கிழமை, நூல்கண்டு குறைகிறதே என்றார் சூப்பர்வைசர்.
எருமை தின்றது என்று சொல்லவா முடியும்.