பீர் பாட்டிலின் காது

காதில் பூ வைப்பவர்கள் உண்டு.
க்டினியா துறைமுகத்துப் போகுமிலா
தீ வைக்கிறாள்.

ஒருக்களித்துப் படுக்கிறேன்.
குழல்மெழுகு எரிந்து இறங்குகிறது.
முடிந்ததும் அடிக்கட்டையைப் பிளந்து காட்டுவாள்:
“பாருங்கள் வித்தோல்ட், எவ்வளவு அழுக்கு!”
மஞ்சள் பொடி.
முப்பது வருடம் கப்பல் தகட்டில் ரிவிட் அடித்த
தலைக்குள் இருந்ததாம்.

ஒன்றை வாங்கிப்போய்
காலி பீர் பாட்டிலில் செருகிக் கொளுத்தினேன்.
அதே மஞ்சள், அதே பொடி.
பாட்டில் எந்தப் பட்டறையில் வேலை பார்த்ததோ.

அடுத்த வியாழனும் போனேன்.

எரியும்போது ஒரு சடசடப்பு,
ஈர விறகுபோல, காதோரம்.
அந்தப் பத்து நிமிடம்
உள்ளே ஓயாத விசில்
கேட்பதில்லை.

பிளந்து காட்டினாள்.
“அடேயப்பா, இத்தனையா!” என்றேன்.
மற்றது
காதும் காதும் வைத்தாற்போல்
பாட்டிலுக்கும் எனக்கும்.